தொழிற்பயிற்சியில் செல்போன்: சிறப்புக் கல்வி பி.எட். படிப்பவர்களுக்கு

ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் பிராக்டிகம் (செய்முறைப் பயிற்சி) என்றதும் பலரும் முதலில் ஆப் தேடுவார்கள். போனில் இருக்கிற கேமராவே போதும். எனக்குக் கிடைத்தது மசாலாப் பொடி பேக்கிங். பொடியை எடை போட்டு, கவரில் போட்டு, சீல் வைத்து, லேபிள் ஒட்ட வேண்டும்.

அங்கே வேலை தெரியாதது பெரிய சிக்கலே இல்லை. வேலையின் ஒவ்வொரு அடி முடிந்ததும் அந்த இளைஞர் டீச்சர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதுதான் சிக்கல். நாம் சொல்லச் சொல்ல அந்தப் பழக்கம் இறுகும். நாளைக்குக் கடையில் யார் பக்கத்தில் நின்று சொல்வார்கள்? அடுத்த அடியைப் போன் வீடியோவாகக் காட்டட்டும், பட்டனை அவரே அழுத்தட்டும், நாம் வாயை மூடிக்கொள்வோம். இதில் கடைசியது ரொம்பக் கஷ்டம்.

வீடியோ எடுக்கும்முன் அந்த வேலையை நீங்களே செய்து பார்த்து, அடிகளை எழுதிவிடுங்கள். அவர் உட்காரும் அதே மேஜையில், தோளுக்குப் பின்னாலிருந்து, கைகள் மட்டும் தெரிகிற மாதிரி எடுங்கள். ஒரு அடிக்கு ஒரு கிளிப். பின்னணி இசை வேண்டாம். பேச்சு வேண்டுமென்றால் "கவரை எடு" அளவுக்குப் போதும். ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங் (ஒரே ஆப்பை மட்டும் திரையில் நிறுத்திவைக்கும் வசதி) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யூடியூப் ஜெயித்துவிடும்.

எடை போடுவதில்தான் நான் நிறையக் கற்றேன். 200 கிராம் என்றால் சிலருக்கு 200தான். 201 காட்டினால் ஒரு சிட்டிகை எடுப்பார், 199 ஆகும், மறுபடி போடுவார். "பார்த்துப் போடு" என்பதில் அவருக்கு ஒரு தகவலும் இல்லை. 200 முதல் 203 வரை சரி என்று விதியையே மாற்றி, அந்த நான்கு எண்களுக்கும் பச்சை டிக், 199க்கும் 204க்கும் சிவப்பு என்று ஒரு கிளிப் செய்யுங்கள். சீலிங் மெஷினுக்கும் அப்படித்தான். "கொஞ்ச நேரம் அழுத்து" வேண்டாம். லைட் அணைந்ததும் இரண்டு எண்ணிவிட்டுக் கையை எடு என்று காட்டுங்கள்.

கை பழகியதும் இரண்டு மூன்று கிளிப்பை ஒன்றாக்குங்கள். அப்புறம் வெறும் போட்டோ, அதன்பின் டிக் அடிக்கும் பட்டியல். எந்த அடி தானாக வந்தது, எதற்கு உதவி தேவைப்பட்டது என்று தினமும் குறித்தால் ரெக்கார்ட் நோட்டும் தானாகத் தயாராகும்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு): முழு வேலையையும் பார்த்துவிட்டுச் செய்வது வீடியோ மாடலிங், ஒவ்வொரு அடியாகப் பார்த்துச் செய்வது வீடியோ ப்ராம்ப்டிங். உளவியலாளர் பந்தூராவின் பார்த்துக் கற்றல் கோட்பாட்டைத் தொட்டுச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசத்துக்கு 1 சதவீதம் தனியாக இல்லை; அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றோடு சேர்த்துத்தான்.

பேச்சு குறைவாக உள்ளவர்களுக்குச் சென்னையில் உருவான, படத்தை அழுத்தினால் பேசும் ஆவாஸ் ஆப் தமிழிலும் இருக்கிறது. "கவர் தீர்ந்துவிட்டது", "சத்தம் அதிகமாக இருக்கிறது", "ஓய்வு வேண்டும்" ஆகிய மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே அதில் போட்டு, அழுத்திப் பழக்கிவிடுங்கள்.