அறுபதுக்கு அறுபது

கோவளம் டீக்கடை வாசலில் ஒரு பெரியவர் கையை உதறிக்கொண்டே நின்றார். சைக்கிள் கேரியரில் கட்டிய அட்டையில் '60'. இன்று பிறந்தநாள்; ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறார்.

அவர் சைக்கிள் சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தது. உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கையில். விரல் மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

சீட் மட்டமாக இருக்கணும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராகணும். அதுதான் சரியான உயரம்.

நீங்களும் இப்படி 60 கிலோமீட்டர் மிதிக்கணும் என்றால், இரண்டு மாதம் முன்பே ஞாயிறுதோறும் 25-இல் தொடங்கி, வாரம் மூன்று நான்கு கிலோமீட்டர் கூட்டுங்கள். 50 தொட்டுவிட்டால் 60 தானாக வரும்.

மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதில் உப்பு போடுவதை, பிரஷர் மாத்திரைக்காரர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரான்சின் ரொபேர் மர்ஷான் 2017-இல், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கி.மீ. மிதித்தார். அது காற்றில்லாத உள்ளரங்கம். கோவளம் வழியே போகும் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் வெயில் ஏறினால் கடல்காற்று தள்ளும், ஐந்து மணிக்கே கிளம்பிடுங்க.