என்ன கட்டை தம்பி?

கீபோர்டு வாசிக்கும் அண்ணன் இப்படிக் கேட்டதும் கொஞ்சமும் யோசிக்காமல் "ஒரிஜினல் ஸ்கேல்தாண்ணே" என்றேன். ஏழெட்டு வருடமாகக் கரோக்கியில் மட்டுமே பாடிக்கொண்டிருந்தவன் வேறு என்ன சொல்வான்? ட்ராக் எதில் இருக்கிறதோ அதுதான் என் ஸ்கேல். அதற்கு ஒரு பெயர் இருக்கும், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் தோன்றியதே இல்லை.

அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். "சரணத்துல மேல போற இடத்தை மட்டும் பாடு" என்றார். பாடினேன். ஒரு கையால் சுரத்தைத் தேடிக்கொண்டே கேட்டுவிட்டு, "இதையே இன்னும் ரெண்டு சரணத்துக்குப் பாடணும், தொண்டை இருக்குமா?" என்றார். எனக்கே சந்தேகம்தான். "ஒரிஜினல் நாலு கட்டை. ரெண்டரைக்கு இறக்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் மற்றவர்களிடம் விரலைக் காட்டினார், அவ்வளவுதான், மொத்தக் குழுவும் மாறிவிட்டது. (தெரியாதவர்களுக்கு: கட்டை என்பது பாடும் சுருதியின் அளவு. கீபோர்டில் சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு. நடுவில் வரும் கருப்புக் கட்டைகள்தான் ஒன்றரை, இரண்டரை எல்லாம். ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கருப்புக் கட்டை கிடையாது, அதனால் மூன்றரை என்று ஒன்று இல்லை. இதை நான் கற்றுக்கொண்டதே அந்த ரிகர்சலுக்கு அப்புறம்தான்.)

அன்றைக்கு நடந்த பெரிய கூத்து அதற்கு அடுத்தது. அந்தப் பாட்டின் தொடக்க இசையில் கடைசியாக ஒரு புல்லாங்குழல் பிட்டு வரும், அது இழைந்து முடியும் இடத்தில் நான் எடுக்க வேண்டும். நூறு தடவைக்கு மேல் பாடிய பாட்டு. குழுவில் புல்லாங்குழல்காரர் இல்லை, தொடக்க இசையையும் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு புல்லாங்குழலுக்காக நின்றுகொண்டிருக்கிறேன். அது வரவே இல்லை. எடுப்பு என்னைக் கடந்து போய்விட்டது.

கரோக்கியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திரையில் முதல் வரி நீலத்திலிருந்து மஞ்சளாக மாறிக்கொண்டே ஓடிப்போயிருக்கும், நான் பின்னால் துரத்திப் போய் இரண்டாவது வரியின் நடுவில் தொற்றிக்கொண்டிருப்பேன். இங்கே யாரும் நிறுத்தவில்லை. தபலாக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு கீபோர்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கடைசி நான்கு பாரை (பார் என்றால் சில தட்டுகள் சேர்ந்த ஒரு தாள அளவு) மறுபடியும் ஒரு சுற்று வாசித்தார், கேட்பவர்களுக்குப் பாட்டே அப்படித்தான் என்று தோன்றியிருக்கும். நான்காவது பாரின் கடைசித் தட்டில் தாடையை லேசாக என் பக்கம் தூக்கினார். வா.

எடுத்தேன். குரல் நடுங்கியது, ஆனால் சரியான இடத்தில் விழுந்தேன்.

அந்த ஒரு சுற்று என்னைத் தூங்கவிடவில்லை. இத்தனை வருடமாக என்னோடு யாரும் பாட்டுக்குள் இருந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ட்ராக் என்னைக் கேட்டதே இல்லை, நானும் அதை ஒழுங்காகக் கேட்டதில்லை, மனப்பாடம் செய்திருந்தேன். எங்கே மூச்சு எடுப்பது, எங்கே வயலின் வரும், எத்தனை நொடி காத்திருப்பது என்று ஒவ்வொன்றும் மனப்பாடம். இரண்டாவது இண்டர்லூட் (பாட்டின் நடுவில் வரும் இசை) எத்தனை பார் என்று என்னைக் கேட்டால் தெரியாது, ஆனால் சரியாக நுழைந்துவிடுவேன், ஏனென்றால் திரையில் மூன்று புள்ளிகள் ஒவ்வொன்றாக அணையும்.

கரோக்கியின் பிறப்பைப் பற்றிப் படித்தபோது இன்னும் வேடிக்கையாக இருந்தது. ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் வெறுமை, 'ஓகே' என்பது ஆர்கெஸ்ட்ராவுக்கான அவர்கள் சொல்லின் சுருக்கம். ஆள் இல்லாத ஆர்கெஸ்ட்ரா. 1971-இல் கோபே நகரில் டைசுகே இனோவே என்பவர் செய்த பெட்டிதான் இதில் புகழ்பெற்றது. (1967-லேயே ஷிகெய்ச்சி நெகிஷி என்பவரும் இப்படி ஒன்று செய்துவிட்டார், யார் முதல் என்ற பஞ்சாயத்து தனி.) இனோவே மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னணி வாசித்துப் பிழைத்தவர். அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் ஒரு சிறு நிறுவனத்தின் முதலாளி. அவருக்குப் பாட்டு சரியாக வராது, ஆனால் இனோவே அவருக்கு வளைந்துகொடுத்து வாசிப்பார், அதனால் அவர் பாடுவதும் பாட்டு மாதிரியே இருக்கும். அந்த மனிதர் ஒரு பயணத்துக்கு இனோவேவையும் கூப்பிட, இவரால் போக முடியவில்லை. பதிலாக அவருக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்துதான் பெட்டி செய்யும் யோசனையே வந்தது. 11 பெட்டிகள் செய்து வாடகைக்கு விட்டார், காப்புரிமை வாங்கவில்லை, பெரிய பணம் வேறு யாருக்கோ போனது. 2004-இல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள், மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி காட்டியதற்காகவாம்.

எனக்கு அந்த முதல் டேப்தான் மனதில் நிற்கிறது. அது ஒரே ஒரு தொண்டைக்காக, அதன் குறைகளைக் காதால் கேட்டு அறிந்த ஒருவர் வாசித்தது. அப்புறம் அதே பெட்டி எல்லாருக்கும் பொதுவானபோது அந்தக் காது மட்டும் கழன்றுவிட்டது. இப்போது செயலியில் ஸ்கேலை அரை அரைக் கட்டையாக ஏற்றி இறக்கலாம், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம், உண்மைதான். ஆனால் அதைப் பாட்டு தொடங்கும் முன்னால் நாம்தான் முடிவு செய்ய வேண்டும், இரண்டாவது சரணத்தில் தொண்டை கட்டினால் பெட்டிக்குத் தெரியாது. ரொம்ப இறக்கினால் ட்ரம்ஸ் சத்தம் கோணிப் பையைத் தட்டுவது மாதிரி ஆகிவிடும். அது வேறு.

இன்னொரு விஷயம் நான் ரொம்ப நாள் என் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சில பழைய பாட்டுகளை ஒரிஜினலோடு சேர்த்துப் பாடினால் கச்சிதமாக உட்காரும், கரோக்கி ட்ராக்கில் பாடினால் சரணத்தில் எப்போதும் இழுக்கும். காரணம் எளிது. பழைய பாட்டுகளில் பல, ஒரு கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து ஒருவர் கையசைக்க ஒன்றாக வாசித்துப் பதிவானவை. பல்லவியில் ஒரு நடை, சரணத்தில் மயிரிழை வேகம் கூடும், உணர்ச்சியான வரியில் கொஞ்சம் தளரும். அதைக் கேட்டு யாரோ கணினியில் திரும்பச் செய்த ட்ராக்கோ, நிமிஷத்துக்கு 92 தட்டு என்று வேகம் வைத்தால் முதலிலிருந்து கடைசிவரை 92-தான். நாம் பாடகரின் சுவாசத்தோடு கற்றுக்கொண்ட பாட்டைக் கட்டம் போட்ட தாளில் எழுதச் சொல்வது மாதிரி. நல்ல தபலாக்காரர் கையில் இந்தத் தளர்வும் நெருக்கமும் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது, நாம் கேட்கக்கூட வேண்டாம்.

ரிகர்சல் முடிந்த வாரம் அந்த அண்ணன் ஒரு சோதனை சொன்னார். கரோக்கி ட்ராக்கைப் போட்டுப் பாடு, நடுவில் யாரையாவது திடீரென்று சத்தத்தை முழுக்கக் குறைக்கச் சொல், நீ நிறுத்தாமல் பாடிக்கொண்டே இரு, 20 நொடி கழித்துத் திரும்பக் கூட்டச் சொல். திரையைப் பார்க்கக் கூடாது. என் அக்கா மகனை உட்கார வைத்துச் செய்தேன். சத்தம் திரும்ப வந்தபோது நான் கிட்டத்தட்ட ஒரு வரி முன்னால் போயிருந்தேன், சுருதியும் அரைக் கட்டை ஏறியிருந்தது. பையன் "மாமா, நீ தனியா எங்கயோ போயிட்டே" என்றான். வயிற்றெரிச்சல். அப்புறம் ஒரு மாதம் ட்ராக்கைத் தொடவில்லை. தம்பூரா செயலியை மட்டும் வைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டு, இண்டர்லூட் வரும் இடத்தில் வாய்விட்டு எண்ணிப் பாடினேன். கேட்க மகா கேவலமாக இருக்கும். பதிவு செய்து கேட்டால் இன்னும் கேவலம், ஏனென்றால் கரோக்கிப் பெட்டியில் எக்கோவைத் திருகி வைத்துக்கொண்டு பாடியவனுக்குத் தன் குரல் காய்ந்துபோய்க் கேட்பது ஒரு தண்டனை. அந்த எக்கோ எத்தனை பிசிறை மூடி வைத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

போனில் பாடிப் பதிபவர்களுக்கு இடையில் ஒரு சின்ன விஷயம்: ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் சத்தம் காதுக்கு வந்து சேர 200 மில்லி நொடிவரைகூடத் தாமதமாகலாம். 90 வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இருப்பதே 667 மில்லி நொடிதான், கிட்டத்தட்ட அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நீங்கள் சரியாகத்தான் பாடியிருப்பீர்கள், பதிவில் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒயர் வைத்ததையே மாட்டுங்கள்.

மேடையிலும் இதே கதை வேறு வடிவத்தில் உண்டு. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகிறது, அரங்கின் பின்சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டுப் பாடினால் பின்தங்கிவிடுவோம். காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் கேட்க வேண்டும், அல்லது ட்ரம்மர் கையைப் பார்க்க வேண்டும். முதல் மேடையில் நான் இரண்டையும் செய்யவில்லை. பழக்க தோஷத்தில் எதிரே ஒரு திரை இருப்பதாக நினைத்துக்கொண்டு காற்றைப் பார்த்துப் பாடினேன். காணொளியில் பார்த்தால் பேய் பிடித்தவன் மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் கரோக்கி மட்டம், லைவ்தான் உசத்தி என்று கிளம்பிவிட மாட்டேன். நடு ராத்திரியில் ஒரே வரியை முப்பது தடவை பாட வேண்டும் என்றால் எந்தத் தபலாக்காரர் உட்கார்ந்திருப்பார்? கூச்சமுள்ளவர்கள், யார் முன்னாலும் வாய் திறக்காதவர்கள் பாட வந்ததே அதனால்தான், அதில் நானும் ஒருவன். அதோடு, மோசமான குழுவோடு பாடுவதைவிட நல்ல ட்ராக்கோடு பாடுவது எவ்வளவோ மேல். ஒரு நிகழ்ச்சியில் ரிதம் பேட் வாசித்தவர் என்னைவிட இரண்டு மடங்கு சத்தம், ஒவ்வொரு சரணத்துக்கும் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார், கடைசிப் பல்லவியில் சொற்களை விழுங்கித்தான் பாட முடிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான்தான் ட்ராக்.

ஆனால் வாசிப்பவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கரோக்கியிலிருந்து வருபவர்கள் மேல் அவர்களுக்கு இருக்கும் எரிச்சலும் நியாயம்தான். பாட்டுப் பட்டியலைக் காலையில் அனுப்புவது, கட்டை சொல்லாமல் வருவது, இண்டர்லூட் ஓடும்போது மைக்கை வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பது. இதில் மூன்றாவதை நானே செய்திருக்கிறேன். கரோக்கியில் அது வெறும் காத்திருக்கும் நேரம், யாரும் வாசிக்கவில்லையே. இங்கே ஒரு மனிதர் அந்த எட்டுப் பாருக்காக வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டு வந்திருக்கிறார்.

போன மாதம் மறுபடி அதே குழு. இந்த முறை மூன்று பாட்டுக்கும் கட்டையைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன், அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீபோர்டு ஓரத்தில் செருகிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பாட்டின் முடிவில் கடைசிச் சொல்லை நீட்டி நிறுத்தும் இடம் ஒன்று வரும். கரோக்கியில் அது நான்கு தட்டு, அதற்குள் முடித்தாக வேண்டும். அன்றைக்கு ஏதோ தோன்ற, மூச்சு இருந்தது, விடாமல் பிடித்தேன். தபலா நின்றுவிட்டது. கீபோர்டில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மட்டும் அடியில் அப்படியே நிற்கிறது, அண்ணன் இரண்டு கையும் கட்டையில் வைத்தபடி என் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை தட்டு என்று நான் எண்ணவில்லை. மூச்சு இறங்கியபோது என் தோளும் இறங்கியது, தபலாவும் அந்த இடத்தில்தான் விழுந்தது.

இறங்கி வந்து "எப்படிண்ணே கரெக்டா விட்டீங்க?" என்றேன். "நீதானே விட்ட" என்றார். அப்புறம், நாலாவதா ஒரு பாட்டு போடலாமா, அதுக்கு என்ன கட்டை என்று கேட்டார். அதை மட்டும் நான் எழுதிக்கொண்டு போகவில்லை.