வத்தகப்பழச் சாறும் பிரீசரும்

யூலை 6
நிலாவெளி வீதியோரம் வத்தகப்பழம் குவிந்து கிடக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற நாட்களுக்கு இதைவிட நல்ல பழம் வேறில்லை. ஆனால் சாற்றை அடுப்பில் வற்றவைத்தால் அந்தப் பச்சை வாசம் போய், அவித்த பூசணிக்காய் மணம் வந்துவிடும். சாற்றைத் தடிப்பாக்க நெருப்பு வேண்டாம், குளிர் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

யூலை 7
வடித்த சாற்றைப் பிளாஸ்டிக் போத்தலில் முக்கால்வாசி ஊற்றினேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும், அதற்கு இடம் வேண்டும். பிறகு தடித்த துவாயால் சுற்றி பிரீசரில் வைத்தேன்.

“துவாய் சுத்தினா எப்பிடிப் பிள்ளை உறையும்?” என்று மாமி கேட்டார்.

உறையும், ஆனால் மெதுவாக. அதுதான் தேவை. சாற்றில் முதலில் ஐஸாவது தண்ணீர் மட்டும்தான். பளிங்குகள் ஆறுதலாக வளர்ந்தால் சீனியையும் நிறத்தையும் வாசத்தையும் வெளியே தள்ளிவிடும். அவசரமாக உறைந்தால் எல்லாம் இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும்.

யூலை 8
போத்தலைச் சாடி மேல் கவிழ்த்து வைத்தேன். சீனி கூடிய பகுதி பூச்சியம் பாகைக்குக் கீழேயே உருகுவதால் அதுதான் முதலில் சொட்டியது. கடும் சிவப்பு, நாக்கில் ஒட்டுகிற இனிப்பு, வாசமோ அப்போதுதான் வெட்டிய பழத்தின் வாசம்! எனக்கு அவ்வளவு சந்தோஷம். சொட்டு வெளிறத் தொடங்கியதும் சாடியை எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் தண்ணீர். மிஞ்சிய ஐஸிலும் லேசான இனிப்பு இருந்தது. மாமி அதைத் தேசிக்காய்த் தண்ணிக்குப் போட்டார்.

யூலை 10
வடிந்த சாற்றை மறுபடி உறையவைத்தேன். இன்னும் தடித்தது, ஆனால் இம்முறை ஐஸோடு ஒட்டிக்கொண்டு வடியத் தயங்கியது. தொழிற்சாலைகளுக்கும் இதே எல்லைதான்: சீனி 50 வீதத்தை நெருங்கும்போது சாறு பிசுபிசுத்து, பளிங்கைப் பிரிப்பது கஷ்டமாகிவிடும். மற்றபடி கணக்கு குளிரின் பக்கம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2257 கிலோயூல் வெப்பம் கொடுக்க வேண்டும், உறையவைக்க 334 கிலோயூல் வெளியே எடுத்தால் சரி. ஆனால் சாற்றை உறையவைத்து ஐஸைப் பிரிக்கும் இயந்திரங்கள் விலை கூடியவை. அதனால் வாசம் முக்கியமான சாறுகளுக்குத்தான் இந்த முறை கட்டுப்படியாகும்.

யூலை 11
ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். கத்தி, துணி, போத்தல் எல்லாவற்றையும் கொதிநீரில் அலசுங்கள். தடித்த சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி பிரீசரிலேயே வைத்து, தேவையான கட்டியை மட்டும் எடுத்துக் கரைத்து உடனே குடியுங்கள்.