எடையை எப்போது கூட்டுவது?

ஜிம்மில் புதிதாகச் சேர்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். போன வாரம் எத்தனை கிலோ, எத்தனை ரெப்ஸ் (அதாவது எத்தனை தடவை தூக்கினோம்) என்று தெரியாமல் இந்த வாரம் எதைக் கூட்டுவது?

எனக்குப் பிடித்த முறை ரொம்ப எளிது. ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) 40 கிலோவில் 3 செட், அதாவது இடையில் ஓய்வு விட்டு 3 சுற்று, ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 ரெப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 10, 9, 8 வரும். எடையைத் தொடாதீர்கள். அடுத்த தடவை 10, 10, 9. இப்படியே ஏறி 3 செட்டிலும் 12 வந்த பிறகுதான் 42.5 கிலோ. உடனே ரெப்ஸ் 10க்கோ 9க்கோ இறங்கும். இறங்கட்டும், கவலையே வேண்டாம், அங்கிருந்து மறுபடி ஏறலாம்.

தோள், கைப் பயிற்சிகளில் மட்டும் கொஞ்சம் பொறுமை. 5 கிலோ டம்பெல்லில் இருந்து 7.5க்குப் போனால் ஒரே அடியில் பாதி எடை கூடிவிடுகிறது! அங்கே 15 ரெப்ஸ் வரை போய்விட்டு அப்புறம் மாறுங்கள்.

இதெல்லாம் இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயம்பட்ட வீரர்களைத் தேற்ற, அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் எடைப் பயிற்சியைத்தான் கொடுத்தார். 1945இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார்.

கடைசி ரெப்பில் முதுகு வளைந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னும் ஒன்றிரண்டு போடலாம் என்ற நிலையில் செட்டை நிறுத்துவதே பெரும்பாலான நாள்களுக்குப் போதும். தூக்கம் சரியில்லாத வாரமா? சரி, அதே எடையையே திரும்பப் போடுங்கள்.