பூட்டு கட்டிய கயிறு

2024 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது வேலூர் விருதம்பட்டில் நம் பூகோள சாரைப் பார்த்துவிட்டு வந்தேன். அவருக்கு 86 வயது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கிலோ ஆப்பிள், டொராண்டோவிலிருந்து கொண்டுபோன சாக்லேட். இப்போது யோசித்தால், ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரிதான் போயிருக்கிறேன்.

அவர் காதருகே குனிந்து, "சார், நான் 1986 பத்தாவது செட்" என்று கத்தினேன். அப்புறம் மருமகளிடம் திரும்பி, "சாருக்கு சுகர் இருக்காம்மா? ராத்திரி தூங்குறாரா?" என்று விசாரித்தேன்.

"இன்னாடா, சுகர் எனக்கு, கேள்வி அவளுக்கா?" என்றார் சார்.

காது சுட்டது. பத்தாம் வகுப்பில் சுட்ட அதே சூடு.

அவருடைய பாலாறு பாடத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நந்தி மலையில் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, வயலூரில் கடலைச் சேருகிற ஆறு. நமக்கோ கண்ணுக்கெட்டிய வரை மணல். "ஆறு கீழே போவுதுடா" என்பார். 1903 வாணியம்பாடி வெள்ளத்தை நேரில் பார்த்தவர் போலவே சொல்வார். அவர் பிறக்க இன்னும் 35 வருஷம் இருந்தது என்று கணக்குப் போட யாருக்கும் தோன்றியதில்லை. மாவட்டத்துக்கு அப்போது வட ஆற்காடு என்றே பெயர், 1989இல்தான் பிரிந்தது.

நம் செட்டின் இந்த நினைவு மலருக்காகப் பழைய கதைகளைக் கேட்டு செல்போனில் பதிவு செய்யலாம் என்று நினைத்திருந்தேன். சார் பிடி கொடுக்கவில்லை. "அதெல்லாம் அப்புறம். அஞ்சு மணி ஆவுது, கிணத்தைப் பார்க்கணும், வா."

தோட்டத்தில் உறைகிணறு. ஆணியில் ஒரு நைலான் கயிறு தொங்கியது. அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் கனத்துக்கு ஒரு பழைய திண்டுக்கல் பூட்டு. ரிட்டயர் ஆன 1996லிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதிவருகிறார்.

கயிற்றை என் கையில் கொடுத்தார். இறக்கினேன். "தொட்டுடுச்சு, நிறுத்து" என்றார். எனக்குக் காட்பாடி ரோட்டு பஸ் ஹாரனைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி இறக்கச் சொன்னார். இரண்டாம் தடவையும் பூட்டு தண்ணீரைத் தொட்டதை அவர்தான் சொன்னார். 14 முடிச்சு. இந்தக் காதருகேதான் கத்தியிருக்கிறேன்.

நோட்டைப் புரட்டினேன். 2021 நவம்பர் பக்கத்தில், பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போன அந்த வாரம்: "9 அடி. பாலத்தில் கூட்டம். செருப்பு வார் அறுந்தது."

"உங்க ஒன்டாரியோ ஏரி குளிர்ல உறையுமா?" என்று திடீரென்று கேட்டார்.

"உறையும் சார்."

"முழுசா உறையாதுடா, ஆழம் ஜாஸ்தி. கரையோரம்தான். போய்ப் பார்த்துட்டுச் சொல்லு."

அந்த ஏரிக்கரையில் 20 வருஷமாகக் குடியிருக்கிறவன் நான்.

கிளம்பும்போது சாக்லேட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வாட்டி இதெல்லாம் வேணாம். 30 மீட்டர் டேப் ஒண்ணு வாங்கியா. துரு பிடிக்காததா பாரு. பத்து வருஷமாவது உழைக்கணும்."