ஒரு பக்கத்துக்குள்: மாரிக்கால நாட்குறிப்பு

நவம்பர் 3
விடிய விடிய மழை. அலர்ஜி படிக்கப் போவதற்கான கடிதம் வரவில்லை.

நவம்பர் 4
சேர் கேட்டது ஒரே ஒரு பக்கம். புதிய ஹவுஸ் ஒஃபிசர்மாருக்கு, அதாவது பயிற்சி டொக்டர்மாருக்கு, அலர்ஜியிலும் இம்யூனாலஜியிலும் (நோயெதிர்ப்பியல்) என்ன தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பாடத்திட்டங்களை இறக்கி வைத்துக்கொண்டு இருக்கிறேன். அமெரிக்காவில் மூன்று வருடம் பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ முடித்தவர்களுக்கு மேலும் இரண்டு வருடம் இந்தப் படிப்பு. எந்தப் பக்கத்தால் வந்தாலும் மற்றப் பக்கத்து நோயாளிகளையும் பார்த்தாக வேண்டும். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிரித்தானியாவில் 2021இல் அலர்ஜி, இம்யூனாலஜி இரண்டையும் ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாம் சரி. இதை எப்படி ஒரு பக்கத்துக்குள் அடக்குவது?

நவம்பர் 5
ஒன்பதாம் கட்டில். ஆண் குழந்தை, நான்கு மாதம். வாய்க்குள் வெண்படலம், நிற்காத வயிற்றோட்டம், எந்த மருந்துக்கும் அடங்காத இருமல். இடது கையில் காசநோய்த் தடுப்பூசி பி.சி.ஜி. போட்ட இடம் ஆறவில்லை, அக்குளில் கட்டி.

தாய் கிண்ணியாவைச் சேர்ந்தவ. குடும்பத்தில் சிறுவயதில் யாராவது தவறினார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: "எனக்குப் பிறகு உம்மாக்கு ஒரு ஆம்புளப் புள்ள பிறந்திச்சி டொக்டர். ஆறு மாசத்தில மவுத்தாப் போயிட்டு."

தாயின் தம்பி. தாய்வழியில் ஆண் பிள்ளைகளுக்கு வருகிற நோயாக இருக்கலாம். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

இரத்தச் சீட்டில் வெள்ளைக் கலம் 8000. பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அவற்றில் நோயெதிர்ப்பு வேலை செய்கிற லிம்போசைட் 9 வீதம். பெருக்கினால் 720. இந்த வயதில் 3000க்குக் கீழே போனாலே கடுமையான பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டை (SCID) யோசிக்க வேண்டும். பெருக்கிப் பார்க்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை, செலவும் இல்லை. பக்கத்தின் முதல் வரி இதுதான்.

நவம்பர் 6
எக்ஸ்ரேயில், லிம்போசைட் முதிர்கிற தைமஸ் சுரப்பியின் நிழல் இல்லை. இரத்தம் இரவுக் கோச்சியில் கொழும்புக்குப் போகிறது, பொரளை எம்.ஆர்.ஐ.க்கு (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்). ஐஸில் வைக்க வேண்டாம், கலங்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்று கொண்டுபோகிற தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "விளங்குது டொக்டர்" என்றான், கொஞ்சம் சலிப்போடு. கோச்சி போகிற வழியில் மாகோ பக்கம் வெள்ளம் என்று யாரோ சொல்கிறார்கள்.

நவம்பர் 7
பாடத்திட்டத்தில் இப்படியான குழந்தைகளுக்கு 'உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது' என்று ஒரு வரி வருகிறது. இங்கே குழந்தை பிறந்து வீட்டுக்குப் போகுமுன்னரே உயிருள்ள பி.சி.ஜி.யைப் போட்டாயிற்று. காசநோய் இருக்கிற நாட்டில் அதுவும் நியாயம்தான். அமெரிக்காவில் குதிக்காலில் எடுக்கும் இரத்தத் துளியிலேயே இந்த நோயைத் தேடுகிறார்கள். 2008இல் விஸ்கொன்சினில் தொடங்கி, 2018 முடிவதற்குள் எல்லா மாநிலங்களுக்கும் போய்விட்டது. மூன்றரை மாதத்துக்குள் எலும்பு மச்சை மாற்றினால் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

மூன்றரை. இவனுக்கு நான்கு.

நவம்பர் 8
"அலர்ஜி படிக்கப் போறியாம், என்ர தும்மலுக்கு ஒரு வழி தெரியேல்லையே உனக்கு?" அம்மா. தலையணையில் இருக்கிற தூசிப் பூச்சிதான் என்று சொன்னால் கோபம் வருகிறது, வீடு அழுக்கு என்கிறேனாம். தோலில் குத்திப் பார்க்கலாம் என்றால் அதற்குச் சில நாள் முன்னரே தும்மலுக்குப் போடுகிற அந்த இரவுக் குளிசையை நிறுத்த வேண்டும். அம்மாவாவது நிறுத்துவதாவது!

நவம்பர் 9
தம்பலகாமத்தில் இருந்து ஒருவர், வயலில் கண்ணாடி விரியன். விசமுறிவு மருந்து ஏறத் தொடங்கிச் சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழுந்தது. தாதி மிஸ் நான் கேட்குமுன்னரே அட்ரினலினை எடுத்துவிட்டா. தொடையில், தசைக்குள், அரை மில்லிகிராம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. இப்போது நன்றாக இருக்கிறார், பீடி கேட்கிறார்.

நான் வாசித்த பாடத்திட்டங்களில் கச்சான் நிறைய வருகிறது, இறால் வருகிறது, விசமுறிவு மருந்தைக் காணவில்லை. ஆனால் அந்த மருந்தின் ஒவ்வாமையை எப்படித் தடுப்பது என்ற பெரிய ஆய்வு இந்த நாட்டு வார்டுகளில்தான் நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், 2011இல் வெளிவந்தது. முன்கூட்டியே தோலுக்கடியில் போட்ட கால் மில்லிகிராம் அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது. ஸ்டீரொயிட் மருந்தான ஹைட்ரோகோர்ட்டிசோனும் அன்டிஹிஸ்டமினான ப்ரொமெதசீனும் குறைக்கவில்லை. இன்னமும் முதலில் ஹைட்ரோகோர்ட்டிசோனைத் தேடும் கைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல். பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடுவேன், சேர் என்ன சொன்னாலும்.

நவம்பர் 10
கொழும்பில் இருந்து பதில் இல்லை. கடிதமும் இல்லை.

நவம்பர் 11
ஒரே வீட்டில் நான்கு பேர், சூரைமீன் கறி, முகம் சிவந்து தலையிடி. நால்வருக்கும் ஒரே நேரத்தில் மீன் அலர்ஜி வராது. வெயிலில் கிடந்த மீனில், அலர்ஜி போலவே காட்டுகிற ஹிஸ்டமின் ஊறியிருக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. ஹவுஸ் ஒஃபிசர் தங்கச்சி கிளினிக் கொப்பியில் 'மீன் ஒவ்வாமை' என்று எழுதப் போனா. தடுத்தேன். கரையில் வாழ்கிற சனத்துக்கு அப்படி எழுதிக் கொடுத்தால் ஆயுளுக்கும் மீன் இல்லை. அவவே கேட்டா, "அக்கா, இதுவும் அந்தப் பக்கத்தில வருமா?" வரும். இடம்தான் இல்லை.

இரவு ஒன்பதாம் கட்டிலுக்குப் போனேன். ஒட்சிசன் தேவை கூடியிருக்கிறது.

நவம்பர் 12
எம்.ஆர்.ஐ. கோல் பண்ணினார்கள். லிம்போசைட் வகைகளில் டி கலங்கள் இல்லையென்றே சொல்லலாம். என்.கே. கலங்களும் இல்லை. பி கலங்கள் இருக்கின்றன. தாய்வழியில் வருகிற அதே வகைதான் போல.

இன்றே கொழும்புக்கு. இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக் கொடுத்த இரத்தம் மட்டும் என்று மாற்றுக் கடிதத்தில் சிவப்பு மையில் எழுதினேன். அண்ணன்மார், அக்காமார் இருக்கிறார்களா என்று தாயிடம் கேட்டேன், மச்சைப் பொருத்தத்துக்காக. ஒரு அக்கா, ஐந்து வயது. அவளையும் கூட்டி வரச் சொல்லி வாப்பாவுக்குக் கோல் போயிருக்கிறது. நானும் அம்புலன்ஸில் போகிறேன். சேர் பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒட்சிசன் சிலிண்டர் ஹபரணை தாண்டும்வரை காணுமா தெரியாது. கீழே போய்ப் பார்க்க வேண்டும்.