ஸ்டியரிங் ஆட்டம்

மெக்கானிக் தொழிலுக்கு வந்த புதிதில் 1940களின் வில்லிஸ் ஜீப் ஒன்று என் கைக்கு வந்தது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினால்தான் சக்கரம் அசையும். ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் ஸ்டியரிங் பாக்ஸ்தான் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, பக்க மூடியில் உள்ள ஸ்க்ரூவை இறுக்கினேன். ஆட்டம் குறைந்தது போலத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்தால், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் நேருக்கு வராமல் நடுவிலேயே பிடித்துக்கொண்டது. வம்படியாக இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்த பாக்ஸுக்குள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றும், திருகுபோல் வரி வெட்டிய கேமின் நடுப்பகுதியை இறுக்கமாக வெட்டியிருப்பார்கள். நேராக ஓடும்போது ஆட்டம் தெரியக் கூடாதே. அதனால் சக்கரத்தை நேராக வைத்துத்தான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். நானோ வண்டியை ஒடித்து நிறுத்திய நிலையிலேயே முறுக்கிவிட்டேன்.

மேஸ்திரி திட்டவில்லை. "ஒருத்தன் மேல உட்கார்ந்து ஆட்டட்டும். நீ கீழ படுத்து ஒவ்வொரு மூட்டா கைய வச்சுப் பாருடா" என்றார். பாக்ஸிலிருந்து அசைவைக் கொண்டுபோகும் ட்ராக் லிங்க் கம்பியில் ஒன்றுமில்லை. சக்கரங்களைத் திருப்பும் டை ராடு கம்பிகளின் முனை மூட்டுகளில் லேசான அசைவு. இரண்டுக்கும் நடுவில் அசைவின் திசையை மாற்றிவிடும் பெல் கிராங்க்கில் கை வைத்ததும் உள்ளங்கையில் 'டக்' என்று இடித்தது. கழற்றினால், அது சுழலும் இரும்புப் பின்னில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். பின்னையும் பேரிங்கையும் மாற்றி, ஸ்க்ரூவைச் சரியாக வைத்ததும் பழைய பாக்ஸே ஒழுங்காக வேலை செய்தது.

இப்போதெல்லாம் பழைய வண்டியோடு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் பாக்ஸுக்குப் பதிலாக, பல்சக்கரம் ஒரு பல்தண்டைப் பக்கவாட்டில் தள்ளும் ரேக் அண்ட் பினியன் போடச் சொல்கிறார்கள். போடலாம். ஆனால் டை ராடின் உள்மூட்டு சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் சஸ்பென்ஷன் ஆர்மின் அச்சோடு ஒத்துப்போகாவிட்டால், மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். வெல்டிங் வைத்து நீளம் மாற்றிய ஆர்மை மட்டும் நான் தொடவே மாட்டேன்.

ஸ்டியரிங் காலம், அதாவது வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டு விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. பழைய தண்டு நெஞ்சை நோக்கி நிற்கும் ஒற்றை ஈட்டி. அமெரிக்காவில் 1968 முதல், மோதினால் அதிர்ச்சியைத் தாங்கி மடங்கும் தண்டு கட்டாயமானது. நன்றாகப் பொருத்த முடியும் என்றால் மாற்றிவிடுவேன்.

அந்த ஜீப்காரர் பிறகு அழகுக்காகச் சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் வீல் கேட்டார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, வீல் பெரிதாக இருப்பதே கைப்பளு குறையத்தான் என்று சொன்னேன்; கேட்கவில்லை. மாட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் தோளைத் தடவிக்கொண்டே வந்து நின்றார். பழைய வீல் பரணில் பத்திரமாக இருந்தது.